எப்சிபா விட்டுக்கொடுத்த டெண்டர்

பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் ஏலம் எடுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துக்கம் நடந்த வீட்டுக்காரி ஒரு கூடைக்கு விலை கேட்டால், மற்றவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். வாயை மூடிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எப்சிபா அதில் தவறியதே இல்லை. இயல்பிலேயே அவளுக்குப் பேச்சு குறைவு. கண்தான் எல்லா இடத்திலும் இருக்கும்.

மகளிர் குழு சார்பில் அவளை அரசு ஆஸ்பத்திரி கமிட்டியில் போட்டிருந்தார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த பணத்தில், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக ஆக்சிஜன் மிசின் வாங்க டெண்டர் விட்டார்கள். குறைந்த விலை போட்டவன் கங்காதரன். சந்தையில் எப்சிபாவுக்குப் பக்கத்தில் கடை போடும் அமுதவல்லியின் மகன். அப்பனுக்குக் கருமாதி முடித்த கையோடு வந்திருந்தான்.

அவன் மிசினை ஓட்டிக் காட்டும்போது யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். விளக்கு மங்கியது. மிசின் திணறி நின்றது. மோட்டாரை அணைத்த பிறகுதான் மறுபடி ஓடியது. வாங்கலாமா என்று முடிவு சொல்ல வேண்டிய ஆஸ்பத்திரி டாக்டர் அப்போது போனில் இருந்ததால் கவனிக்கவில்லை. கங்காதரன் எப்சிபாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூடையை விட்டுக்கொடுப்பது போலத்தான் நினைத்தாள்.

அந்த மிசின்களில் ஒன்று எதிர்வீட்டுச் சந்தியாகுவுக்கு வந்தது. ஊரில் சாயங்காலமானால் கரண்டு இறங்கிவிடும். நேற்று மிசின் நின்று, அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

பார்க்கப்போன எப்சிபாவின் கையை அவர் மனைவி ரோசி பிடித்துக்கொண்டாள்.

"நீ கமிட்டில இருந்ததாலதாங்கா எங்களுக்கு மிசினே கெடைச்சுது. நாளைக்கு வூட்டுக்கு அனுப்புறாங்க. போனதும் மாட்டணும்."

"அது நின்னா இவ விசிறுவா," என்றார் கட்டிலில் இருந்த சந்தியாகு. "எம்மேல இருக்கிற கோவத்துல காத்து நல்லாவே வரும்."

ரோசி சிரித்தாள். எப்சிபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதை மாட்டாத ரோசி. கரண்டு கொறைஞ்சா நின்னுடும். வாங்கும்போதே பாத்தேன்."

"இன்னாக்கா சொல்ற? பாத்துட்டு?"

"அமுதவல்லி புள்ளயாச்சேன்னு கம்முனு இருந்துட்டேன்."

ரோசி கையை விட்டாள். "அவ வூட்டு எழவுக்கு எங்க வூட்டுக்காரர் மூச்சையா குடுத்த?"

எப்சிபா கிளம்ப எழுந்தாள். "நம்ம ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட போய்ச் சொல்லப்போறேன். மத்த வூடுங்கள்ல இருக்கிறதையும் திருப்பி வாங்கச் சொல்றேன்."

"அங்க போய் நீ வாயத் தொறப்பியா? நானும் வரேன்."

மகளை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு ரோசி கிளம்பினாள். பழவேற்காடு பஸ்ஸில் எப்சிபா நகர்ந்து இடம் விட்டாள். ரோசி அவளைத் தாண்டிப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.