இறங்குகிறவன் நிற்க வேண்டும்

ஏற்காடு லாட்ஜில் எங்கள் கம்பெனி நடத்திய தலைமைப் பண்புப் பயிற்சிக்கு எங்களை வேனில் ஏற்றிவந்த டிரைவர் அவர். நரைத்த மீசை, காதை மூடிய குல்லா. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் டிரைவர்களுக்கெல்லாம் கை காட்டுவார்.

ரஷ்யப் பனியில் படையைப் பறிகொடுத்த பிரெஞ்சுத் தளபதியைப் பற்றி எங்கள் மேனேஜர் இரண்டு மணி நேரம் பேசினார். "எச்சரித்தவர்களை அவன் மதிக்கவில்லை, விழுந்தான்" என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். டிரைவரும் கதவோரம் நின்று கேட்டார்.

பயிற்சி முடிந்து மலையிறங்கும்போது ஒரு வளைவில் பஸ் ஏறிவர, அவர் வேனை நிறுத்தினார்.

"டிரெயினுக்கு நேரமாச்சு, நிறுத்தாம போய்யா!" என்று கத்தினார் மேனேஜர்.

"ஏறுற வண்டிக்குத்தானுங்க வழி உடோணும். எறங்குறவன் நிக்கோணும்ங்க."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க சார், அந்தத் தளபதியும் இப்படித்தான் கேட்டாருங்களா?"

அடிவாரம் சேர்வதற்குள் மேனேஜர் டிராவல்ஸுக்குப் போன் போட்டு வேறு டிரைவரை வரவழைத்துவிட்டார். வேனில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்களைப் பத்திரமாக இறக்கிய மனிதரை ரோட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அவர் ஒதுங்கி நின்று எங்களுக்கும் கை காட்டினார்.

என் மடியில் அந்த நோட்டு இருந்தது. வெட்கங்கெட்ட கையெழுத்து, எவ்வளவு அழகாக இருந்தது!