அலசாத சுண்டைக்காய்

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகும்வரை, அவருடைய பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து போகும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது. அமிர்திப் பக்கமிருந்து சித்தி வந்தாள். இரண்டே வாரத்தில் அந்த உரிமை போயிற்று. அது போதாதென்று, நான் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதைச் சித்தி கண்டுபிடித்துவிட்டாள். வயிற்றில் பூச்சி என்றாள். சுண்டை வற்றலை நெய்யில் வறுத்துப் பொடித்து, சுடுசோற்றில் பிசைந்து தினமும் எனக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

"கண்ண மூடிக்கினு முழுங்கு கண்ணு. பூச்சியெல்லாம் பூடும்."

நான் அழுதேன். சித்தப்பா சிரித்தார். அவர் அவள் பக்கம் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெண்ணைக் கொடுக்க முதலில் தயங்கிய சித்தியின் அப்பா, அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஒருநாள் வருவதாகப் போன் செய்தார். அவருக்குச் சுண்டைக்காய்க் குழம்பு என்றால் உயிராம். விடிந்ததும் சித்தி எங்கள் ஜவ்வாது மலையின் முள்புதர்களுக்குள் புகுந்து, கையெல்லாம் கீறலோடு ஒரு முறம் காய் பறித்து வந்தாள். பஸ் வரும் நேரமானதும் என்னைக் கூப்பிட்டாள்.

"நல்லா நசுக்கி, வெதை போற வரைக்கும் மூணு தண்ணி அலசி வையி. காட்டுச் சுண்டை கண்ணு, அலசலன்னா வாயில வைக்க முடியாது."

நசுக்கினேன். அலசவில்லை. மேலாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து தன் அப்பாவோடு பேசிக்கொண்டே திரும்பி வந்தவள், "மூணு வாட்டி அலசினியா?" என்று கேட்டாள். "அலசிட்டேன் சித்தி" என்றேன். சந்தோஷத்தில் இருந்தவள் பார்க்காமலே அள்ளி எண்ணெயில் போட்டாள்.

சாமைச் சோற்றில் குழம்பு ஊற்றி முதல் வாய் வைத்ததும் எங்கள் அப்பா தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இன்னாம்மா கொழம்பு இது? வெசமாட்டம் கசக்குது. வந்தவங்களுக்கு இதத்தான் போடுவியா?"

சித்தி கரண்டியோடு நின்றாள். ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

"நாந்தான் சரியா அலசலக்கா" என்றாள்.

அவள் அப்பாவின் தாடை மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி அசைந்தது. "கசப்பு ஒடம்புக்கு நல்லதுதானுங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார். தட்டை வழித்துச் சாப்பிட்டார். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினேன்.

அவர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த புளி உலுக்கும் காலத்துக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். மகள் கையால் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். அம்மாவோ, உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் அந்தக் குழம்பின் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். சித்தியும் கூடச் சிரிப்பாள். இன்று நான் திருப்பத்தூரில் இருக்கிறேன். சித்தி வருடா வருடம் பஸ்ஸில் சுண்டை வற்றல் கொடுத்தனுப்புகிறாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் போன் செய்கிறேன். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

அந்தக் குழம்பு சாப்பிட்ட அன்று சாயங்காலம் எல்லோரும் சித்தியின் அப்பாவை பஸ் ஏற்றப் போனோம். படியில் கால் வைத்தவர் இறங்கிவந்து, தன்னைவிட எவ்வளவோ சின்னவளான என் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அவளுக்குத் தாயி இல்லீங்க. சமையலு சொல்லிக் குடுக்க ஆளில்லாம வளந்துட்டா. எதனா தப்பு இருந்தா மனசுல வச்சிக்காதீங்க."

 சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு குழம்புக்காக இவ்வளவு பெரிய மனுஷர் எதற்குக் கும்பிடுகிறார் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. பஸ் கிளம்பியது. புகை வாசனை பிடித்துக்கொண்டே அதன் பின்னால் திருப்பம் வரைக்கும் ஓடினேன்.