ஏ-ஜீரோ தாள் வெளிவரும் நேரம்

பிரசவ விடுப்பும் அதைத் தொடர்ந்து எடுத்த சம்பளமில்லா விடுப்பும் முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பியபோது, என் பழைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கல்கத்தாவில் கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் சிறிய நிறுவனம் அது; நான் அங்கே இன்ஜினியர். கரியாஹாட் முனையிலிருந்து நடந்துவிடலாம். பெரிய கூடத்தில் எல்லாரும் வரிசையாக இருக்க, எனக்கு மட்டும் பெரிய வரைபடங்களை அச்சடிக்கும் பிளாட்டர் நின்ற கண்ணாடித் தடுப்பறையில் மேசை போட்டார்கள். "இங்கே அமைதியா இருக்கும், உங்களுக்கு நல்லது" என்றார் மேலாளர். நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று ஷேர் ஆட்டோவில் வீடு வரும்வரை யோசித்தேன்.

அமைதி என் வீட்டிலேயே நிறைய இருந்தது. கணவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அவர் வரும்போது நானும் குழந்தையும் தூங்கியிருப்போம். நாங்கள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். லேக் மார்க்கெட் மளிகைக்கடைக்காரர் "இட்லி அரிசியா, பச்சரிசியா?" என்று கேட்பதுதான் சில நாட்களில் எனக்குக் கிடைத்த முழுத் தமிழ் வாக்கியம். குழந்தையோ கிரெஷ்ஷில் அவளைப் பார்த்துக்கொள்ளும் மாஷி சொல்லிக்கொடுத்தபடி தண்ணீரை வங்காளத்தில் "ஜொல்" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

அந்தத் தடுப்பறையில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. பிளாட்டரின் கேபிள் என் கணினியில் மட்டுமே செருகப்பட்டிருந்ததால், வரைபடம் அச்சடிக்க வேண்டியவர்கள் பென் டிரைவோடு என்னிடம்தான் வர வேண்டும். ஏ-ஜீரோ என்றால் ஒரு சாப்பாட்டு மேசையை மூடும் அளவுத் தாள். மை பூசும் முனை இடமும் வலமுமாக ஓடி ஓடி, தாள் விரல் விரலாகத்தான் இறங்கும். கோடுகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க, வந்தவர் நின்றுதான் ஆக வேண்டும். சும்மா நிற்கத் தெரிந்த ஊரா இது? பேசுவார்கள்.

எல்லாரும் தாதா, அதாவது அண்ணா, என்று அழைக்கும் மூத்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர்தான் அதிகம் வருவார். அவர் பேசுவது வங்காளம்; என்னைத் தீதி, அக்கா, என்பார். நான் பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொல்வேன்.

"தீதி, பொண்ணு மீன் சாப்பிட ஆரம்பிச்சாச்சா?"

"எங்க வீட்டுல மீன் கிடையாது தாதா."

"உங்களை யாரு கேட்டா? அவ கல்கத்தாவுல பொறந்தவ, எங்க ஆளு. தயிர்சாதத்தைக் குடுத்தே தண்டிக்காதீங்க."

தாள் இறங்கி முடிந்ததும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்தவர் வரும்வரை குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும் இருக்கும்.

ஒரு நாள் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி என் கணினி படுத்துவிட்டது. மேலாளர் உள்ளே வந்தார். "இனிமே பென் டிரைவே வேண்டாம். பிளாட்டரை நெட்வொர்க்குல போட்டுடுங்க. அவங்கவங்க சீட்லேருந்தே பிரிண்ட் குடுக்கட்டும். உங்களால முடியும்தானே?"

"முடியும் சார்" என்றேன். எதைக் கேட்டாலும் முதலில் அதுதான் என் வாயில் வரும். அவர் போன பிறகுதான் உறைத்தது: அவரவர் இடத்திலிருந்தே அனுப்பிவிட்டால், என் அறைக்கு வந்து நிற்க யாருக்கும் காரணம் இருக்காது.

நெட்வொர்க்கில் போட இரண்டு வழிகள் உண்டு. பிளாட்டரை என் கணினியிலேயே விட்டு, அதன் வழியாக மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது ஒன்று. பிளாட்டரிலிருந்தே நெட்வொர்க்குக்குத் தனிக் கேபிள் இழுத்து, அதற்கென்று மாறாத ஒரு முகவரி கொடுத்துவிடுவது மற்றொன்று. முதல் வழியில் என் கணினி விழித்திருக்க வேண்டும். இரண்டாவது வழியில் நான் தேவையே இல்லை. நான் முதல் வழியை எடுத்தேன். கேபிள் வேலை மிச்சம் என்று மேலாளரிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

அதனால் அவ்வப்போது என் கணினி தானாகத் தூங்கிப்போக, யாராவது கதவைத் தட்டி "தீதி, பிளாட்டர் ஆஃப்லைன்" என்பார்கள். மவுஸை அசைத்து எழுப்புவேன். தூங்காமல் இருக்கும்படி மாற்றிவைக்க எனக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு நண்பகலில் மாஷி ஃபோனில் கூப்பிட்டாள், குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது என்று. பையை எடுத்தேன். வெளியே கிளம்பினால் ஃபேன், லைட், கேஸ் எல்லாம் அணைத்தோமா என்று திரும்பிப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள். கை தன் பாட்டுக்குக் கணினியை மூடி, சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டது.

மருத்துவமனை வரிசையில் குழந்தை என் தோளில் கிடந்தபோது தாதா அழைத்தார்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"காய்ச்சல் தாதா. டாக்டரை இன்னும் பாக்கல."

"பாத்துடுவாங்க, பயப்படாதீங்க. இங்க எங்க திரையில பிளாட்டரைக் காணோம். மாநகராட்சிக்கு இன்னிக்கே குடுக்க வேண்டிய பிளான். உங்க கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா பாஸ்வேர்டு கேக்குது."

கடவுச்சொல் நான் குழந்தையைக் கொஞ்சும் 'செல்லக்குட்டி'. அதை ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "சி ஃபார் கல்கத்தா, எச் ஃபார் ஹௌரா, ஈ ஃபார் எக்..." வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தனை எல், தீதி?"

"ரெண்டு."

"இதென்ன, உங்க ஊர்ப் பேரா?"

"இல்ல தாதா. குழந்தையைக் கூப்பிடறது."

மறுமுனையில் கொஞ்சநேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "வந்துடுச்சு" என்று வைத்துவிட்டார்.

சாதாரண வைரல் காய்ச்சல்தான். குழந்தை தேறியதும் அலுவலகம் போனேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. அன்றே கேபிள் இழுக்க ஆளைக் கூப்பிட்டு, பிளாட்டருக்குத் தனி முகவரி கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு கணினியிலும் அதைச் சேர்க்க வேண்டும். கூடத்துக்குள் போகிறோம், பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் போய் நின்றதும் அவரவர் நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரைகளில் அவர்களுடைய பிள்ளைகளும் பூஜைப் பந்தல்களும் டார்ஜிலிங் மலைகளும் இருந்தன. ஒவ்வொருவர் வீட்டையும் அவர்கள் இல்லாதபோது பார்த்துவிட்டு என் அறைக்குத் திரும்பினேன்.

எல்லாம் சரியாக வேலை செய்தது. என் முதுகுக்குப் பின்னால் பிளாட்டர் தானாக விழிக்கும். யாருடையதோ மாடிப்படி, யாருடையதோ தண்ணீர்த் தொட்டி இறங்கிவரும். தாள்கள் கூடையில் விழுந்து கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் மொத்தமாக வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நல்லதுதானே? இனி யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"ஆமாங்க" என்றேன்.

ஒரு பிற்பகலில் தாதாவின் வரைபடம் ஒன்று கூடையில் விழுந்தது. வருவாரென்று பார்த்தேன். வரவில்லை. தாளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? இன்ஜினியர் பியூன் வேலை பார்க்கிறாள் என்பார்களோ? நாளைக்கு எல்லாருமே கொண்டுவரச் சொன்னால்? மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

கூடத்தில் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்படி வெச்சுட்டுப் போப்பா" என்றார். வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஆரே, தீதி! நீங்களா?" பக்கத்து ஸ்டூலில் இருந்த கோப்புகளைத் தரையில் இறக்கி, அதை என் பக்கம் காலால் தள்ளினார். "செல்லகுட்டி பாலோ?"

செல்லக்குட்டி நலமா என்கிறார். 'க்' இல்லாமல், அழுத்தம் எல்லாம் தவறான இடத்தில். அந்த ஊரில் என்னையும் அவள் அப்பாவையும் தவிர வேறு யாரும் அவளை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"பாலோ தாதா" என்றேன். உட்காரலாமா, அவருக்கு வேலை இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.