புகைக்குத் தப்பிய அடைப்புக்குறிகள்

புகையேறிய மலைப்பூண்டின் வாசனை எங்கே வந்தாலும் என் விரல்கள் தாமாக மடங்குகின்றன. பூம்பாறை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்த பெண்ணிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஸ்வெட்டரெல்லாம் பூண்டு நெடி, மடியில் லேப்டாப். திரை முழுக்க வளைவும் சதுரமுமாய் அடைப்புக்குறிகளும் கூட்டல்களும் ஆச்சரியக்குறிகளும்தான், ஓர் எழுத்துகூட இல்லை. அடைப்புக்குறி திறக்கும்போதெல்லாம் இடக்கையில் ஒரு விரலை மடக்கினார், மூடும்போது நிமிர்த்தினார்.

“அக்கா, வேலி கட்டுனது போதும், டிக்கெட்ட எடுங்க,” என்றார் நடத்துநர்.

என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

“பூண்டுக்குப் புகை போடுற கொட்டகையில லேப்டாப்ப மறந்து வச்சிட்டேன்ங்க. கீபோர்டுல எழுத்தெல்லாம் செத்துப்போச்சு, இந்த ஆறு குறிதான் பொழச்சுக் கெடக்கு. சரிபண்ண ஒரு வாரம் ஆகும்னுட்டாங்க டவுன் கடையில. இன்னைக்கே தீ மூட்டணும். சூடு ஏறுனா கத்துறதுக்கு ஒரு சின்னப் பெட்டி வச்சிருக்கேன், அதுக்குத்தான் புரோகிராம். போன தடவை பாதிப் பூண்டு வெந்துபோச்சு.”

“எழுத்தே இல்லாமலா?”

“காலி அடைப்புக்குறிக்கு முன்னாடி ஆச்சரியக்குறி போட்டா மிஷினு ‘ஃபால்ஸ்’னு சொல்லும். அந்த வார்த்தையிலருந்து ஆரம்பிச்சு வேணுங்கிற எழுத்த ஒவ்வொண்ணா உருவிக்குவேன்.”

பொய் என்ற சொல்லிலிருந்து உருவிய எழுத்துகளால் மெய்யான எச்சரிக்கையா? தலை சுற்றியது. மலைப்பாதையின் வளைவுகளாலா, அவராலா, இன்றும் தெரியவில்லை.

பூம்பாறையில் இறங்கும்போது கேட்டேன், “கத்துமாங்க?”

“கத்தலைன்னா சூடு ஏறலைன்னும் இருக்கலாம், நான் எழுதுனது தப்பாவும் இருக்கலாம். எதுன்னு தெரிய, நானே பக்கத்துல உக்காந்துதான் பாக்கணும்ங்க.”