கும்பிடு போட்ட கேமரா

சவுரிராயனுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று திண்டிவனத்தில் எல்லாரும் சொல்வார்கள். வேறு எங்கே வைத்துக்கொள்வதாம்? அவருடைய அப்பா தேவசகாயம், மயிலத்துக்குப் பக்கத்து ஊரில் சுப்பராயலு வீட்டுப் பண்ணையாள். முதலாளி தலை தெரிந்ததும் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். கூடவே முதுகும் இறங்கும். செத்த பிறகுகூட அந்த முதுகைப் பெட்டிக்குள் நேராகக் கிடத்த முடியவில்லை. எவன் முன்னாலும் குனிகிற பிழைப்பு இந்த ஜென்மத்தில் வேண்டாம் என்று கல்லறைத் தோட்டத்திலேயே மகன் முடிவுகட்டினார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

அந்த வீம்பில்தான் படம் பிடிக்கிற தொழிலுக்கு வந்தார். புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது அந்த ஜெர்மன் கேமரா. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்கள். மேல்கண் பார்ப்பதற்கு, கீழ்க்கண் படத்துக்கு. மடக்கினால் ஜெபப் புத்தகம் மாதிரி பைக்குள் போய்விடும். அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே இருக்கும் கண்ணாடியில் விழுகிற உருவத்தைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். அதிலும் வலது இடதாகத் தெரியும், இடது வலதாகத் தெரியும். எத்தனையோ பிலிம் சுருளைப் பாழாக்கித்தான் கை பழகியது.

பழகியபின் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள். அப்பா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தெருவில் மகன் காலில் செருப்போடு, கழுத்தில் கேமராவோடு நடந்தார். "கொஞ்சம் நவுருங்க, தலையத் தூக்குங்க" என்பார், அவர்களும் கேட்பார்கள். தொழில் சுத்தமாக இருந்தால் எவனும் மதிப்பான் என்று மனைவி அம்சாவிடம் பெருமை அடித்துக்கொள்வார். இப்படிப் பன்னிரண்டு வருஷம் ஓடியது.

எண்பத்தைந்தாம் வருஷம் சுப்பராயலு வீட்டிலேயே கல்யாணம், சின்ன மகனுக்கு. பெண் எடுத்தது கண்டாச்சிபுரத்தில். பந்தலில் சவுரிராயன் சுருளை மாட்டிக்கொண்டிருந்தபோது, மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா அரங்கநாதன் கேட்டார்: "விழுப்புரத்துல பெரிய பெரிய ஸ்டுடியோலாம் இருக்குதே சம்பந்தி. இந்த ஆள ஏன் புடிச்சீங்க?"

சுப்பராயலு குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "அவனுங்க கேமராவக் கண்ணுல வெச்சிக்கினு நம்மள நேருக்கு நேரா மொறைக்கிறானுங்க. இவன் நம்ம பண்ணையாளு தேவசகாயம் மவன். அப்பன மாதிரியே தலையக் குனிஞ்சி ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் எடுப்பான். மரியாதை தெரிஞ்ச பய."

சவுரிராயனுக்கு உச்சந்தலை கொதித்தது. படம் நன்றாக வருகிறது என்பதற்காகக் கூப்பிட்டதில்லையா? பன்னிரண்டு வருஷமாக இவர்கள் முன்னால் குனிந்துகொண்டா இருந்தோம்? குனியமாட்டேன் என்று வந்த தொழிலிலேயே வயிற்றைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்; அது கும்பிடு என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை. அந்த மடத்தனத்தை நினைத்துத் தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஜெர்மன்காரன் எதற்கோ செய்துவைத்தான். இந்த ஊருக்கு வந்ததும் கேமராவுக்கும் சாதி தெரிந்துபோயிற்று.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தது. ஐயர் "கெட்டி மேளம்" என்று கையைத் தூக்கப் போகிற நேரம். அந்தக் கேமராவில் இன்னொரு வசதி உண்டு. கண்ணாடியை மூடியிருக்கும் மறைப்பின் முன்தகட்டை உள்ளே மடக்கினால் ஒரு சதுர ஓட்டை திறக்கும். ஓடுகிற ஆளை எடுக்க அதன் வழியாக நேரே பார்க்கலாம். சவுரிராயன் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. இப்போது தகட்டை மடக்கினார். தூரத்தைக் கண்ணாலேயே அளந்து வைத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்று கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

மணமக்களுக்குப் பின்னால் வந்து நின்ற சுப்பராயலுவின் முகம் மாறியது. "இன்னாடா புதுப் பழக்கம்? எப்பவும் போல குனிஞ்சி எடு."

"உங்களுக்குப் படம் வேணுமாய்யா, கும்பிடு வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அரங்கநாதன் பதறினார். "முகூர்த்தம் தப்பிடும் சம்பந்தி. அவரு எப்படியாவது எடுக்கட்டும், விடுங்க."

அவரு! அந்த ஒரு சொல்தான் சுப்பராயலுவை இன்னும் சுட்டது. "டேய்!" என்று அவர் வாயைத் திறந்ததும், மேளம் முழங்கியதும், மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் ஒரே நொடி. சவுரிராயன் அந்த நொடியில் எடுத்தார்.

அதோடு அந்தத் தெருவில் மட்டுமல்ல, சுற்றி இருந்த ஏழு ஊரிலும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அம்சா வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போனாள். அவர் திண்டிவனத்தில் விண்ணப்பத்துக்கு ஒட்டுகிற சின்னப் படங்களை எடுத்துக் காலம் தள்ளினார். கோபம் மட்டும் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

படம் துல்லியமாக வந்திருந்தது. எல்லார் கண்ணும் தாலி மேல். சுப்பராயலு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நேரே முறைக்கிறார். தாலி கட்டுகிற படம் அது ஒன்றுதான் என்பதால் மருமகள் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் பிடிவாதமாக மாட்டிவைத்தாள். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் அதன் முன்னால் நின்று, "நல்ல நேரத்துல ஏன் இப்படி மொறைக்கிறீங்க?" என்று கேட்கிறார்களாம். சுப்பராயலு என்னவென்று சொல்வார்? பண்ணையாள் மகன் நிமிர்ந்து நின்றான் என்றா?