மூக்கன் முகர்ந்த தொட்டி

பட்டறையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. மூக்கன் என்றால்தான் தெரியும். மூக்கு பெரிசு என்று வந்த பெயர் இல்லை. பார்த்தால் சப்பை மூக்குதான். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு கடைசல் இயந்திரத்தின் அடித்தொட்டியிலும் அவர் குனிந்து முகர்ந்து, "ஓட்டலாம்" என்று சொன்ன பிறகே மற்றவர்கள் சுவிட்சைத் தொடுவார்கள். அப்படி ஒரு வழக்கம்.

தொட்டியில் இருப்பது கூலன்ட். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி இருக்கும். இரும்பைச் சீவும்போது சூடு தணிய அதன் மேல் பீய்ச்சுவார்கள். அது சாரலாக எழும்பி, நிற்கிறவன் முகத்திலேயே அப்பும். விடுமுறையில் சும்மா கிடந்தால் அழுகின முட்டையாக நாறும். கொட்டிக் கழுவிவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டியதுதானே என்பீர்கள். அதற்கு இயந்திரத்தை நிறுத்த வேண்டுமே. எந்த முதலாளிக்கு மனசு வரும்? மூக்கன் தானாக ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்தார். கிருமிநாசினியைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார். நாற்றம் போன இடம் தெரியாது. பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் மனைவியின் தம்பி; அவன் தொட்டியிலும் தன் கையாலேயே ஊற்றிக்கொடுத்தார்.

"பாரு மச்சான், குடிக்கலாம் போல இருக்கு!" என்று பீற்றல் வேறு.

அதற்கப்புறம் வந்தது இருமல். முதலில் திங்கட்கிழமை சாயங்காலங்களில் மட்டும். குளிரும், காய்ச்சலடிக்கும், நெஞ்சை யாரோ பிடித்து அழுத்தும். ஞாயிறு வந்தால் ஒன்றுமே இருக்காது. காய்ச்சலுக்குக்கூட கிழமை தெரியுதே என்று வீட்டில் கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அது விடவில்லை என்றானதும் கேலி நின்றது.

ஒரு மதியம் அவர் ஒருக்களித்துத் தூங்கும்போது மனைவி முதுகில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஈரமாக, கரகரவென்று ஏதோ ஓடியது. சாப்பாடு கொண்டுபோகிற நேரத்தில் பட்டறை வாசலில் அவள் கேட்டுப் பழகிய அதே சத்தம். வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்களுக்குள்ள அந்த மெஷினு ஓடுது."

"உளறாத..." என்றவருக்கு அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

அடுத்த திங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்த் தன் இயந்திரத்தை ஓடவிட்டார். வெள்ளைச் சாரல் எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது. மூச்சை இழுத்தார், அது அவரிடம் வந்தது. விட்டார், விலகியது. மறுபடி இழுத்தார், காத்திருந்தது போல வந்தது. குனிந்து தொட்டியை முகர்ந்தார். ஒரு வாசனையும் இல்லை. இத்தனை வருஷம் நாற்றத்துக்குப் பயந்தவருக்கு, அன்றைக்கு நாற்றமே இல்லாதது பயமாக இருந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார்.

"நாத்தம் புடிச்ச கிருமியெல்லாம் செத்துடுச்சு. உங்க மருந்துக்கு மசியாத ஒண்ணு மட்டும் நாத்தமே இல்லாம வளந்திருக்கு. மெஷின் அதைத்தான் சாரலாக்கி உங்க நெஞ்சுக்குள்ள அனுப்புது. இனிமே அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது" என்றார்.

வேலையை விட்டார். மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. மாடிப்படி ஏற முடிந்தது. தொட்டிகளைக் கழுவச் சொல்லி முதலாளிக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினார். பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த வேலையை விடச் சொல்லி மச்சானிடம் கெஞ்சியே பார்த்தார். அவன் சிரித்தான்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மச்சான் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றான். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"சும்மா சளிதான் மாமா. தொட்டியெல்லாம் சுத்தமா வெச்சிருக்கேன், துளி நாத்தம் கிடையாது. இப்ப அங்க நான்தான் மூக்கன், தெரியுமா?"

அக்கா அவனைத் திருப்பி முதுகில் காதை வைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதும் அவருக்கு. சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? காலே வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே!" என்றாள் மனைவி.

"நான் ஊத்துனதுதானே? நானே போய் அந்தத் தொட்டியெல்லாம் கவுத்துட்டு வரேன்" என்று மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு படி இறங்கினார்.