அடி வேகாத ஆப்பிள் பை

வெர்னியர் காலிப்பரின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் மைதா மாவு நசுங்கிக்கொண்டிருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், ஒரு மாடி வீட்டுச் சமையலறையில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, முப்பத்தேழு வயசு மனிதர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேய்த்த மாவின் கனத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டிருந்தார். "மூணு புள்ளி எட்டு. ஜாஸ்தி கீது. திரும்பத் தேய்" என்றார் என்னிடம். நான் மறுபேச்சில்லாமல் பூரிக்கட்டையை எடுத்தேன். வாரத்தில் ஆறு நாள் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவனுக்கு ஏழாவது நாள் மட்டும் எதிர்த்துப் பேச நாக்கு எழுமா?

அவர் எங்கள் குவாலிட்டி சார். வல்லம் வடகாலில் கார் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழும் ஒரு பாயுமாக வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர். சார் வாலாஜாபாத் பக்கத்து ஆள், ஐ.டி.ஐ. முடித்து லைனில் நின்று மேலே வந்தவர். குறை கண்டுபிடிப்பது அவருக்கு வேலையா பிறவிக்குணமா என்று சொல்ல முடியாது. டீக்கடையில் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். பஸ்ஸில் ஏறினால் எந்த சீட்டின் போல்ட் ஆடுகிறது என்று நமக்குக் காட்டுவார். இந்தக் குணம் கம்பெனிக்கு நல்லது. கல்யாணத்துக்கு ஆகாது என்பது அவருக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில், பஜ்ஜியில் ஒரு பக்கம் மட்டும் மாவு கனமாக இருக்கிறது என்று பெண்ணின் அம்மாவிடமே சொல்லிவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில், புதிதாகக் கட்டிய ஹால் சுவர் கால் இஞ்ச் சாய்ந்திருக்கிறது என்று பெண்ணின் அப்பாவுக்குக் கைபேசியில் மட்டம் வைத்துக் காட்டினார். இப்படியே ஆறு வரன் போயிற்று. கேன்டீனில் அவர் எப்போதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஏழாவது வரன் மறைமலை நகரிலிருந்து வந்தது. முப்பத்து மூன்று வயசு, சென்னையில் ஒரு ஆய்வகத்தில் வேலை, நல்ல குடும்பம். எல்லாம் சொல்லிவிட்டுத் தரகர் சுற்றும்முற்றும் பார்த்து, ஏதோ வியாதியைச் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி, "பொண்ணு பால் சாப்பிடாது சார்" என்றாராம். பால் மட்டுமில்லை. தயிர், மோர், நெய், முட்டை ஒன்றும் கிடையாது. கன்றுக்குப் போகவேண்டியதை நாம் ஏன் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் கட்சி. அதற்கு வீகன் என்று பெயர். பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கையில் பாலில்லாத காப்பியை வாங்கிக்கொண்டு, கல்யாணத்தன்று பாலும் பழமும் எப்படிக் கொடுப்பது, புது வீட்டில் எப்படிப் பால் காய்ச்சுவது என்று யோசித்துக்கொண்டே எழுந்து போயிருக்கிறார்கள். சார் மட்டும், "பால் குடிக்காட்டி இன்னா? நான் இன்னா கன்னுக்குட்டியா?" என்று கேட்டிருக்கிறார். தரகர் அதை அப்படியே போய் அங்கே சொல்ல, மறுநாள் அந்தப் பெண்ணே போன் செய்துவிட்டார்.

ஏழு நிமிஷம் பேசினார்கள். அந்த ஏழு நிமிஷத்தையும் சார் எனக்கும் மெயின்டனன்ஸ் அண்ணனுக்கும் டீக்கடையில் முக்கால் மணி நேரம் சொன்னார். மெயின்டனன்ஸ் அண்ணன் எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியன், சாருக்கு இருந்த ஒரே கூட்டாளி. "சிரிச்சாங்கபா" என்றார் சார். "நான் பேசி ஒரு பொம்பளை சிரிச்சது இதான் மொத தபா." பேச்சுவாக்கில் அந்தப் பெண், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனபோது பாலும் முட்டையும் சேர்க்காத ஆப்பிள் பை ஒன்று சாப்பிட்டதாகவும், இங்கே அதைச் செய்ய ஆளில்லை என்றும் சொல்லியிருக்கிறார். மாவுக் கிண்ணத்துக்குள் ஆப்பிள் துண்டுகளைப் போட்டு, மேலேயும் மாவால் மூடிச் சுடுகிற பண்டம் அது. பெண் பார்க்கப் போக இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சார் டீக்கிளாஸைக் கீழே வைத்து, "நாம செய்யறோம்" என்றார். அந்த 'நாம'வில் நானும் அண்ணனும் எப்போது சேர்ந்தோம் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசை இருந்தது. இந்த வரனும் போனால் இனிமேல் எங்கேயும் போய்ப் பஜ்ஜி தின்பதாக இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஓவன் வந்தது. கூடவே ஒரு செக்‌ஷீட்டும் வந்தது. மாவின் கனம் மூன்று மில்லிமீட்டர், கூடக்குறைய அரை. நிறம், ஓட்டை, வெடிப்பு, கசிவு என்று எட்டு கட்டம். கடைசியில் மூன்று பேர் கையெழுத்து. அண்ணன் தன் பங்குக்கு ஓவனுக்குள் வெப்பமானி வயரை விட்டுப் பார்த்து, திருகியில் நூற்றெண்பது என்று இருந்தால் உள்ளே இருநூற்றுப் பத்து காட்டுகிறது என்று கண்டுபிடித்து, சரியான இடத்தில் சிவப்பு பெயின்ட்டால் கோடு போட்டார். வெண்ணெய்க்குப் பதில் உறைந்த தேங்காயெண்ணெய் என்று செய்முறையில் இருந்தது. சார் குளியலறை அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தார். வட மாவட்டத்து ஆளுக்குத் தேங்காயெண்ணெய் என்றால் தலைக்குத்தான், என்னத்தைச் சொல்ல. முதல் பை மல்லிகைப்பூ வாசனையோடு வெளியே வந்தது. அண்ணன் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, "சார், முடி நல்லா வளரும்" என்றார். சார் சிரிக்காமல் செக்‌ஷீட்டில் ரிஜெக்ட் என்று எழுதினார்.

இரண்டாவது கல். மூன்றாவதில், சுங்குவார்சத்திரத்து வெயிலுக்கு மாவுக்குள் இருந்த எண்ணெய் உருகி மேடையெல்லாம் ஓடியது. அதற்கப்புறம் மாவு பிசைய விடியற்காலை ஐந்தரைக்கு வரச்சொன்னார், ஐஸ் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு பிசைந்தேன். நான்காவது வாரம் வந்ததே ஒரு பை! பொன்னிறம், மேலே மினுமினுப்பு, பட்டை வாசனை கீழ் வீடுவரை போயிருக்கிறது. சார் காலிப்பரைத் தொடக்கூட மறந்து நின்றார். "மேல எப்டிபா இவ்ளோ பளபளன்னு கீது?" என்று அவர் கேட்க, அண்ணன் பெருமையாக, "வீடியோல பாத்தேன் சார், லேசாப் பால் தடவி விட்டேன்" என்றார். சார் அந்தப் பையின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். நிஜமாகவே ஒட்டினார், ரிஜெக்ட் ஆன பீஸுக்கு ஒட்டுகிற கம்பெனி ஸ்டிக்கர். பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கரைச் சுற்றிச் சுற்றித் தின்று தீர்த்தோம். சும்மா சொல்லக் கூடாது, அத்தனை நன்றாக இருந்தது. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் கரைத்துத் தடவினால் அதே நிறம் வரும் என்று அன்று மத்தியானமே சார் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஞாயிறுகளில் அவர் சுவரைப் பார்த்து உட்காரவே இல்லை.

பெண் பார்க்கப் போகிற நாள் சாருடைய அக்கா வாலாஜாபாத்திலிருந்து பூவும் பழமும் வெற்றிலையுமாக வந்து இறங்கினார். சமையலறையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "பொண்ணு வூட்ல பலகாரம் குடுப்பாங்க, மாப்ள துன்னுவான். இவன் இன்னாடான்னா பலகாரம் சுட்டுக்கினு போறான். ஊர்ல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்கடா" என்றார். சார் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறொரு பெரிய கவலை. வெட்டிப் பார்க்காமல் ஒரு பொருளை அனுப்ப அவர் மனம் ஒப்பாது. வெட்டிய பையைக் கொண்டுபோகவும் முடியாது. கடைசியில் ஒரே மாவு, ஒரே ஆப்பிள், ஒரே சுடும் நேரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பை செய்து, முதலாவதை வெட்டிப் பார்ப்பது, அது தேறினால் இரண்டாவதைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. கம்பெனியில் ஆயிரம் பீஸுக்கு அப்படித்தானே செய்கிறோம். முதல் பை பிரமாதமாகத் தேறியது. இரண்டாவதும் மேலே அச்சு அசல் அதே நிறத்தில் வந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மறைமலை நகரில் அந்த வீட்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா, சாருடைய அக்கா, நான், அண்ணன், நடுவில் சார். பெண் வந்து எல்லோருக்கும் கடுங்காப்பி கொடுத்தார். அக்கா அதைக் கஷாயம் குடிப்பதுபோலக் குடித்தார். சார் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கப் போனார், நான் முழங்காலில் ஒரு இடி இடித்தேன், கையை இறக்கிவிட்டார். பிறகு ஆப்பிள் பையை டீப்பாய்மேல் வைத்துத் திறந்தோம். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நீங்களே செஞ்சதா?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை வைத்து ஒரு துண்டை நெம்பி எடுத்தார். மேல்மூடியும் ஆப்பிளும் வந்தன. அடிப்பாகம் வரவில்லை. வெள்ளை மாவு பசை மாதிரி இழுத்துக்கொண்டு, தட்டுக்கும் கத்திக்கும் நடுவில் தொங்கியது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சார் எழுந்தார். தட்டை வாங்கித் தூக்கி, கைபேசி டார்ச்சை அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். ரிஜெக்ட் ஆன சரக்கைப் பார்க்க வேறு கம்பெனிக்குப் போகும்போது அவருக்கு ஒரு குரல் வரும். அந்தக் குரலில், "ஓவன்ல மேல் கம்பி எரிஞ்சிகீது, கீழ்க் கம்பி எரியல. முதல் பை எடுத்ததுக்கப்புறம் கம்பி போயிருக்கணும். ரெண்டாவதைத் தூக்கிப் பாத்திருக்கணும், பாக்காதது என் தப்பு. நாளைக்குச் சாயங்காலம் வேற கொண்டாந்து குடுத்துடறேன்" என்றார். சொல்லிவிட்டுப் பையை மூடி, துணியில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நாங்கள் வந்தது பெண் பார்க்க என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அக்காதான் பின்னால் திரும்பி, "நாங்க கலந்து பேசிட்டு நாளைக்குச் சொல்றோம்" என்று சம்பிரதாயத்துக்குச் சொல்லிவிட்டு ஓடிவந்தார்.

காரில் அக்கா விட்ட டோஸை இங்கே எழுத முடியாது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும், "உனக்கு இனிமே நான் பொண்ணு பாக்க மாட்டேன்டா, நீயாச்சு உன் அடுப்பாச்சு" என்று முடித்தார். சார் மடியில் அந்த மூட்டையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரகடம் சிக்னலில் வண்டி நின்றபோது, "அவங்க இந்தத் தபா சிரிக்கலபா" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, அதை ஏன் மறைக்க.

மறுநாள் சார் லீவு போட்டார். நான் சேர்ந்ததிலிருந்து அவர் போட்ட முதல் லீவு. எங்கள் இருவருக்கும் காலை ஷிப்ட். முடித்ததும் ஓடினோம், அண்ணன் கம்பியை மாற்றினார். இரண்டு பை சுட நேரமில்லை, ஒன்றுதான். வெட்டாமல் எப்படிப் பார்ப்பது? சார் காலையிலேயே ஸ்ரீபெரும்புதூர் போய்க் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். வெந்ததும் நான் துணியைச் சுற்றிப் பிடித்து அதைத் தலைக்கு மேலே தூக்கி நிற்க, அவர் கீழே தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் படுக்கிற மெக்கானிக் மாதிரி டார்ச் அடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். எனக்குக் கை வெந்தது. "சிவந்துகீது" என்று அவர் சொன்ன பிறகுதான் இறக்கினேன்.

தரகர் போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். "வேணாம் சார், கூரியர்ல அனுப்பிடலாம்" என்றார் அண்ணன். "குடுக்கறேன்னு சொன்னவன் நானு" என்றார் சார். ஆறரை மணிக்கு மறைமலை நகரில் அந்த வீட்டு வாசலில் மூன்று பேரும் நின்றோம். சார் சட்டையில் மாவு இருந்தது. சொன்னால் அதையும் அளப்பார் என்று நான் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். சார் பாத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டி, "அடி பாத்துட்டேன். வெந்துருக்கு. நீங்களும் ஒருவாட்டி வெட்டிப் பாத்துட்டா நான் கெளம்பிடுவேன்" என்றார். அந்தப் பெண் பாத்திரத்தை வாங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"என்னை ஒன்பது பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. ஒன்பது பேரு வீட்லயும் நாளைக்குச் சொல்றோம்னுதான் சொன்னாங்க. நாளைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

சார் நீட்டிய கையை மடக்க மறந்து நிற்க, அண்ணன்தான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். உள்ளே கூப்பிட்டார்கள். போனோம். அந்தப் பெண், அவருடைய அப்பா, நாங்கள் மூவர், ஐந்து பேரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். பெண்ணின் அப்பா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். பையின் ஓரத்தில் ஓரிடத்தில் விரல் அகலத்துக்குக் கருகியிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை சார் பார்த்தார். அவர் வாயைத் திறக்கப் போகிறார், பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுக்கப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ அந்தக் கருகல் துண்டை மட்டும் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தபடி கடைசித் துணுக்குவரை சாப்பிட்டார்.